பஞ்சம் எழுதிய சட்டம்

உதவி கேட்டு வரும் ஏழையை முதலில் ஐயத்தோடு நோக்கும் வழக்கம் அரசு அலுவலகங்களுக்கு எங்கிருந்து வந்தது? விடை காண, நம் முன்னோர் ‘தாது வருடப் பஞ்சம்’ என்று அழைத்த கொடுங்காலத்தை நினைவுகூர வேண்டும்.

1876-இல் பருவமழை பொய்த்தது. இரண்டே ஆண்டுகளில் தென்னிந்தியாவிலும் தக்காணத்திலும் ஐம்பது இலட்சத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆங்கில அரசு நிவாரண வேலைகளைத் தொடங்கியது. சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்ப் பகுதி அவ்வாறு வெட்டப்பட்டதே.

ஆயின், உதவி இனிதாக இருந்தால் மக்கள் சோம்பேறிகளாவர் என்பது ஆள்வோரின் அச்சம். இங்கிலாந்தின் 1834-ஆம் ஆண்டு ஏழையர் சட்டமும் இவ்வெண்ணத்தின் மீதே எழுந்தது. எனவே, 1877-இல் சர் ரிச்சர்டு டெம்பிள் ஆண் ஒருவனின் நாட்கூலியை ஒரு பவுண்டு தானியமும் சிறிது காசும் எனக் குறைத்தார். பவுண்டு என்பது 450 கிராமுக்குச் சற்றே மிகுதி. வீட்டிலிருந்து பத்து மைலுக்கு அப்பால் சென்றால்தான் வேலை என்ற சோதனையும் வந்தது. நடக்க இயலாதவன் என் செய்வான்? மண் சுமப்பவனுக்கு இவ்வுணவு போதாது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் வாதாடினார். சில மாதங்களுக்குப் பின்னரே கூலி உயர்ந்தது.

1880-இல் பஞ்ச ஆணைக்குழு அறிக்கை தந்தது. 1883-இல் பஞ்ச விதித்தொகுப்பு உருவாயிற்று. உழைக்க இயன்றவர்க்கு வேலை, இயலாதவர்க்கு இலவச உதவி என்பது அதன் அடிப்படை. உயிர்காப்பது அரசின் கடமை என்பது ஏட்டில் ஏறியது. ஏழைகளின் உரிமையாக அது மலரவில்லை.

விடுதலைக்குப் பின்னரும் அவ்வழியே தொடர்ந்தது. 1972-73 வறட்சியைக் கண்ட மகாராஷ்டிரம், 1977-இல் வேலை உறுதிச் சட்டம் இயற்றியது. 2005-இல் நாடு முழுமைக்குமான ஊரக வேலை உறுதிச் சட்டம் பிறந்தது. அது ஊரகக் குடும்பம் ஒன்றிற்கு ஆண்டில் 100 நாள் வேலையை உறுதி செய்தது. வேலையிடம் ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். அதற்கு அப்பாலெனில் கூலி பத்து விழுக்காடு கூடும். பதினைந்து நாளில் வேலை தராவிடில் படி வழங்க வேண்டும் என்றும் அது விதித்தது. அன்று தொலைவு ஏழையை விலக்கும் சோதனை. இங்கோ அது அரசைக் கட்டுப்படுத்தும் எல்லை!

எனினும் பழைய ஐயம் முற்றும் மறையவில்லை. ஓய்வூதியம் கேட்கும் மூதாட்டியை, கூலிக்குக் காத்திருக்கும் தொழிலாளியை, “இவர்கள் ஏமாற்றுகிறார்களோ?” என்று நாமும் எண்ணுவதுண்டன்றோ? அக்கேள்வி நம்முடையதன்று; அன்னிய ஆட்சி விட்டுச்சென்றது. அதை நம் பிள்ளைகளுக்கும் விட்டுச்செல்ல வேண்டுமா?