கரியைக் கொட்டும் முன் கரிசலைக் கேளுங்கள்

டி. கல்லுப்பட்டி வட்டாரத்தில் பருத்தி எடுத்து முடிந்ததும் காய்ந்த செடியை, அதாவது மாரைப் பிடுங்கி, வரப்போரம் குவித்துத் தீ வைப்பார்கள். குவியல் எரிந்து தணிந்தால் மிஞ்சுவது நாலு கூடைச் சாம்பல்; ஒரு காற்றடித்தால் அதுவும் இல்லை. கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் இந்த வானம் பார்த்த கரிசல் பூமிக்குத் திரும்ப வேண்டிய கரிமம் அத்தனையும் புகையாகிப் போகிறது.

அதே மாரைக் காற்றுப் புகாமல் கருக்கினால் சாம்பலுக்குப் பதில் கரி கிடைக்கும். பயோசார் எனப்படும் இந்த உயிரிக்கரி நுண்துளைகளில் நீரையும் சத்தையும் பிடித்து வைக்கும், எளிதில் மட்காது. அமேசான் காட்டுப் பழங்குடிகள் கரியும் குப்பையும் சேர்த்து உருவாக்கிய கருமண் இன்றும் வளமாக இருக்கிறது.

நம் பக்கத்துக்கும் இந்த வித்தை புதிதல்ல. சீமைக் கருவேல விறகை அடுக்கி, வைக்கோலும் மண்ணும் போட்டு மூடி, புகையின் நிறம் பார்த்தே பதம் சொல்லும் மூட்டக்காரர்கள் தென் மாவட்டங்களில் இருக்கிறார்கள்.

அதற்காக, உயிரிக்கரியை மூட்டை மூட்டையாக விவசாயியின் தலையில் கட்டக் கூடாது. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியான கட்டுரை, வெப்பமண்டலத்தில் விளைச்சல் சராசரியாக 25 சதவீதம் கூடியதாகச் சொன்னது. அங்கே பெரும்பாலும் புளிப்பு மண். கரி அதன் புளிப்பைக் குறைத்தது. கரிசலோ பொதுவாகக் காரத்தன்மை உள்ளது, பெரும்பாலான கரியும் அப்படியே. அமில மண்ணுக்கு மருந்தானது இங்கே சுமையாகலாம். தொழுவுரத்தில் ஊறப்போடாமல் பச்சையாக இட்டால், பயிருக்குரிய தழைச்சத்தைக் கரியே சிறிது காலம் இழுத்துக்கொள்ளவும் கூடும்.

கணக்கும் பார்க்க வேண்டும். ஆய்வுகளில் ஹெக்டேருக்கு 10 டன் இடுவது சாதாரணம். விறகின் எடையில் ஏறத்தாழ கால் பங்குதான் கரியாகும் என்றால், அதற்கு 40 டன் விறகு வேண்டும். எந்த மானாவாரி விவசாயிக்குக் கட்டும்?

எதைக் கரியாக்குவது என்பதையும் யோசிக்க வேண்டும். மூங்கிலை இதற்காக எரிப்பது வீண். வனத்துக்கு வெளியே வளரும் மூங்கிலை ‘மரம்’ என்ற வரையறையிலிருந்து நீக்கி 2017இல் வனச் சட்டம் திருத்தப்பட்டது. வெட்டி விற்கத் தடை நீங்கிய பின் அதன் இடம் ஓடைக்கரையும் கண்மாய்க்கரையும். வேர் கரையைப் பிடிக்கும், கழி காசாகும். கரிக்குப் போக வேண்டியவை பருத்திமாரும், வேரோடு அகற்றப்படும் சீமைக் கருவேலமும்தான்.

பழைய உலோகப் பீப்பாயிலேயே மாரைக் கருக்கும் எளிய உலையை ஹைதராபாத்திலுள்ள மத்திய மானாவாரி வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் வடிவமைத்திருக்கிறது. அப்படியொன்றை ஊராட்சிதோறும் பொதுவில் வைக்கலாம். மதுரை வேளாண் கல்லூரியும் அருப்புக்கோட்டை ஆராய்ச்சி நிலையமும் கல்லுப்பட்டி விவசாயிகளின் வயலிலேயே கரி இட்ட பாத்தி, தொழுவுரம் இட்ட பாத்தி, இரண்டும் கலந்த பாத்தி என மூன்று பருவம் சோதிக்க வேண்டும். மண்வள அட்டையில் அச்சாகும் 12 அளவுகளில் கரிமமும் ஒன்று. அது கூடியதா, செலவு கட்டியதா என்பதை எளிய தமிழில் வெளியிட வேண்டும். மானியம் அதன் பிறகு வரட்டும்.

‘நிலைத்த பொருளாதாரம்’ பேசிய காந்தியப் பொருளியலாளர் ஜே.சி. குமரப்பா கடைசி ஆண்டுகளைக் கழித்தது இதே கல்லுப்பட்டியின் காந்தி நிகேதன் ஆசிரமத்தில். எடுத்ததை இயற்கைக்குத் திருப்பித் தரச் சொன்னவரின் ஊரிலேயே முதல் பாத்தியைக் கட்டலாம். வரும் புரட்டாசி விதைப்புக்கு முன் அதற்கான நிதியை அரசு ஒதுக்க வேண்டும்.