மூல ஓலை

பெண்ணையாற்றின் தென்கரையிலுள்ள திருவெண்ணெய்நல்லூர் அருட்டுறைக் கோயிலில் வழக்குத் தீர்த்த மண்டபம் என்று ஒரு மண்டபம் உண்டு. தரிசனத்துக்கு விரையும் அன்பர்கள் பெரும்பாலும் அதில் நிற்பதில்லை. ஒரு நாழிகையாவது அங்கே அமர்ந்து, தடுத்தாட்கொண்ட கதையை ஒரு வழக்காகவே நினைத்துப் பார்க்கலாம்.

பிரதிவாதி யார்? நம்பியாரூரர். திருநாவலூரில் ஆதிசைவர் குலத்தில் சடையனாருக்கும் இசைஞானியாருக்கும் பிறந்தவர். எனினும் நரசிங்க முனையரையர் என்னும் சிற்றரசர் விரும்பிப் பெற்று, தம் அரண்மனையிலேயே வளர்த்த பிள்ளை. மணக்கோலத்தில், சுற்றத்தார் சூழப் புத்தூரில் மணப்பந்தரில் இருக்கிறார். வாதியோ தள்ளாத ஒரு கிழ வேதியர். தண்டும் குடையுமாக வந்தவருக்குப் பரிவாரம் கிடையாது. கையிலிருப்பது ஓர் ஓலை மட்டுமே. அரண்மனைப் பிள்ளை என்ன செய்தார்? முதியவரைத் துரத்திச் சென்று, ஓலையைப் பறித்துக் கிழித்தெறிந்தார். கையில் வலிமை உள்ளவன் தனக்கு எதிரான சான்றை என்ன செய்வான் என்பதைச் சேக்கிழார் மறைக்கவில்லை. நாயன்மார் வரலாறாயிற்றே என்று மென்று விழுங்கவுமில்லை.

கிழவர் விடவில்லை. வெண்ணெய்நல்லூர்க்காரர் என்று தெரிந்ததும், உம் பிழைபட்ட வழக்கை அங்கேயே பேசலாம் வாரும் என்று நம்பிகளே அழைத்தார். சினத்தில் ஓலையைக் கிழித்தவர், அவையின் முன் நிற்க மட்டும் மறுக்கவில்லை. இந்த ஓர் இடத்தில்தான் அவருடைய பிற்காலப் பெருமையெல்லாம் முளைவிடுகிறது என்பது அடியேன் எண்ணம்.

அவையோர் முதலில் வாதியின் பக்கம் சாயவில்லை. அந்தணர் அந்தணருக்கு அடிமையாகும் வழக்கம் எங்கும் இல்லையே என்றார்கள். ஆனால் ஓலை கிழிக்கப்பட்டது என்று கேட்டதும் நம்பிகளை நோக்கி, உடன்பட்டு எழுதிய ஓலையை ஒருவர் காட்டினால், அதை வலிய வாங்கிக் கிழிப்பது வெற்றியாகுமா என்று வினவினார்கள். பின்பு முதியவரிடம், அனுபவ பாத்தியதை, எழுத்து, பிறர் சாட்சி ஆகிய மூன்றில் ஒன்றினால் உம் சொல்லை நிலைநாட்டும் என்றார்கள். அப்போதுதான் கிழவர், கிழிபட்டது படியோலை. மூல ஓலை என்னிடம் பத்திரமாக இருக்கிறது என்றார். நகலைக் கையில் கொடுத்து, மூலத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டும் நம் வயதினருக்கு இதைக் கேட்டால் ஒரு புன்னகை வராமல் இராது.

அவர் ஒரு நிபந்தனையும் வைத்தார். இதையும் இவர் பறித்து விடாமல் நீங்கள் காப்பதானால் காட்டுகிறேன் என்றார். தீங்கு நேர விடமாட்டோம் என்று அவையோர் உறுதி கூறினார்கள். முப்புரத்தை எரித்த பெருமான், ஓர் ஓலைச்சுவடிக்கு ஊர்ச்சபையிடம் காவல் கேட்கிறார்! நெற்றிக் கண்ணைச் சற்றே திறந்திருந்தால் வழக்கு ஏது, வாதம் ஏது? நம்பிகளை ஆட்கொள்வதுதான் நோக்கமென்றால், நான் ஈசன் என்று ஒரு சொல் சொன்னால் போதாதா? அதிகாரத்தின் எல்லை கண்டவர், அதைத் துளியும் காட்டாமல், கரணத்தான் ஓலையை வாசிக்கும் வரை காத்து நின்றார். சான்றொப்பமிட்டவர்கள் தம் எழுத்தென்று ஒத்துக்கொண்டார்கள். பாட்டனாரின் கையெழுத்துள்ள வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வருவித்து ஒப்பிட்டார்கள், பொருந்தியது. நம்பி, நீர் தோற்றீர் என்று தீர்ப்பாயிற்று. விதிமுறை இதுவானால், நான் இசையேன் என்று சொல்ல இடமேது என்று நம்பிகள் தலைவணங்கினார். புத்தூரில் ஓலையைக் கிழித்த அதே கைகள்தாம் இங்கே கூப்பின.

இவ்வளவு நுணுக்கம் சேக்கிழாருக்கு எங்கிருந்து வந்தது? அவர் அநபாய சோழனிடம் அமைச்சராக இருந்தவர் என்பது மரபு. அன்றைய ஊர்ச்சபைகள் கற்பனையல்ல. சேக்கிழாருக்கு இருநூறாண்டுகளுக்கு முன்பே, முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் உத்தரமேரூரில் பொறிக்கப்பட்டன. வாரியப் பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர்களும் அவர்களுடைய உறவினர்களும் மீண்டும் குடவோலைக்குப் பெயர் கொடுக்க இயலாது என்கின்றன அவை. உறவினரையும் விலக்கியது கவனிக்கத்தக்கது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தணருக்கு அடிமை வழக்கில்லை என்று அவையோர் சொன்னதிலேயே, மற்றவர்க்கு உண்டு என்பதும் அடங்கியிருக்கிறது. ஆட்களை விற்றதையும், வறுமையால் தம்மையே விற்றுக்கொண்டதையும் சோழர் காலக் கல்வெட்டுகள் சொல்கின்றன. முறைப்படி எழுதி ஒப்பமிட்டுவிட்டதனால் ஒன்று அறமாகிவிடாது. சட்டத்துக்கு அடங்குவது வேறு, அந்தச் சட்டத்தையே தராசில் வைத்துப் பார்ப்பது வேறு. இரண்டும் வேண்டியிருக்கின்றன.

அரசனைப் பற்றியும் சேக்கிழார் பேசியிருக்கிறார், திருவாரூர்ச் சிறப்பில். இளவரசனின் தேர்க்காலில் கன்று மாண்டது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அசைத்தது. அமைச்சர்கள் உடனே பிராயச்சித்த விதியைக் காட்டினார்கள். நூலில் உள்ள விதிதான், பொய்யில்லை. மன்னன் கேட்டது வேறு: அயலான் ஓர் உயிரைக் கொன்றால் அவனைக் கொல்வேன், என் மகன் கொன்றால் தவம் செய்யச் சொல்வேனா? அப்படியானால் மனு வகுத்த நீதியை மனுவே துடைத்தான் என்றல்லவா உலகம் பேசும்? குடிகளுக்கு வரும் அச்சம் ஐந்து என்று அவன் எண்ணினான். பகைவர், கள்வர், பிற உயிர்கள் ஆகிய மூன்றும் பின்னால்தான் வருகின்றன. முதலாவது, அரசனாகிய தன்னால் வரும் அச்சம். இரண்டாவது, தன்னைச் சூழ்ந்த பரிசனத்தால் வருவது. அமைச்சராக இருந்த ஒருவர், இந்த வரிசையைத் தம் மன்னன் காதில் விழும்படி பாடினார் என்பதை நினைக்கும்தோறும் வியப்பே மிகுகிறது. அந்தத் தண்டனையைக் கண்டு நம் மனம் நடுங்குவதும் உண்மை. நிறைவேற்ற ஏவப்பட்ட அமைச்சனும் அதற்கு மனமின்றி உயிர் துறந்தான். மன்னன் தானே தேரைச் செலுத்தினான். ஆரூரில் கல்தேர் அதற்குச் சாட்சியாக நிற்கிறது.

வெண்ணெய்நல்லூருக்குத் திரும்புவோம். வழக்கில் வென்ற பின்னும் கிழவரை அவையோர் அப்படியே போகவிடவில்லை. உம் ஓலையில் இவ்வூரென்று கண்டிருக்கிறதே, வழிவழியாக வந்த உமது மனை எது, காட்டும் என்றார்கள். வென்றவரும் கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டியிருந்தது. என்னை அறிந்தவர் ஒருவரும் இல்லையாகில் வாருங்கள் என்று அவர் முன்னே நடந்தார். நம்பிகளும் அவையோரும் பின்தொடர்ந்தார்கள். அருட்டுறைக் கோயிலுக்குள் நுழைந்த கிழவரை அதன்பின் யாரும் காணவில்லை.