வேண்டாம் என்று சொன்னவர்கள்

‘தியாகம்’ என்ற சொல்லை நாம் எவ்வளவு மலிவாக்கிவிட்டோம் என்று பார்க்க வேண்டுமானால், பிப்ரவரி 1-ஆம் தேதி ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்து நினைவுக் கூட்டத்துக்குப் போய்வாருங்கள். கல்பனா சாவ்லாவின் படத்துக்கு மாலை போட்டிருப்பார்கள். தலைமை வகிக்கும் பெரியவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “விஞ்ஞானத்துக்காகத் தன் இன்னுயிரைத் தியாகம் செய்த வீராங்கனை” என்று ஆரம்பிப்பார். பிள்ளைகள் கைதட்டும். பிறகு மிட்டாய் கொடுப்பார்கள்.

அந்தப் பெரியவரை எனக்கு ஒரு கேள்வி கேட்க வேண்டும். ஐயா, அந்தப் பெண் எப்பொழுது தியாகம் செய்தாள்? தியாகம் என்பது தெரிந்து கொடுப்பதல்லவா? கவச குண்டலங்களைக் கேட்டு வந்திருப்பவன் இந்திரன் என்று தெரிந்துதான் கர்ணன் அறுத்துக் கொடுத்தான். கல்பனாவுக்கு என்ன தெரியும்?

2003-ஆம் வருஷம் ஜனவரி 16-ஆம் தேதி கொலம்பியா விண்கலம் கிளம்பி ஒன்றேகால் நிமிஷம் கொஞ்சம் கடந்திருக்கும். வெளித்தொட்டியின் மேல் பூசியிருந்த நுரைப் பூச்சில் ஒரு துண்டு பெயர்ந்து இடது இறக்கையில் மோதியது. துண்டின் எடை ஒரு கிலோகூட இல்லை. ஆனால் மோதிய வேகம் பெரிது. மறுநாள் படச்சுருளைப் போட்டுப் பார்த்த என்ஜினீயர்களுக்கு வயிற்றைக் கலக்கியது. ராணுவத்தாரின் சாதனங்களைக் கொண்டு வானத்திலிருக்கும் அந்த இறக்கையைப் படம் பிடித்துக் காட்டுங்கள் என்று ஒரு முறையல்ல, சில முறை கேட்டார்கள். மேலேயிருந்தவர்கள் தேவையில்லை என்று நிறுத்திவிட்டார்கள். விண்கலத்தின் தலைவருக்கு, இதில் கவலைப்பட ஒன்றுமில்லை என்ற பொருளில் ஒரு தகவலும் போயிற்று. பிப்ரவரி 1-ஆம் தேதி திரும்பி வரும்போது, இறக்கையிலிருந்த ஓட்டை வழியாக அனல் புகுந்தது. தரையிறங்க இன்னும் பதினாறு நிமிஷம். ஏழு பேரும் போய்விட்டார்கள்.

இதற்குப் பெயர் தியாகமா? பஸ்ஸின் ‘பிரேக்’ சரியில்லை என்று தெரிந்தும் வண்டியை எடுக்கச் சொல்லி, அது மலைச்சரிவில் உருண்டால், உள்ளே இருந்த பயணிகளை ‘தியாகிகள்’ என்று சொல்வோமா?

என் வயதுக்காரர்களுக்கு இந்த மாதிரி ஒரு காட்சி ஏற்கனவே பழக்கம். 1986, ஜனவரி 28, சாலஞ்சர். அதைப் பற்றிப் பேச்சு வந்தால் போதும், “நான் நேரடியாகவே பார்த்தேன், சார்!” என்று சத்தியம் செய்ய நாலு பேர் முன்வருவார்கள். ஃபுளோரிடாவில் காலை பதினொன்று முப்பத்தெட்டு என்றால் நமக்கு இரவு பத்து எட்டு. நம் ஊர்ப் பிள்ளைகள் தூங்கிப்போயிருந்த நேரம். நாம் பார்த்ததெல்லாம் மறுநாள் செய்திதான். அமெரிக்காவிலேயே உல்ரிக் நைசர் என்ற மனோதத்துவப் பேராசிரியர், விபத்துக்கு மறுநாள் காலை மாணவர்களிடம் ‘எங்கே, எப்படிக் கேள்விப்பட்டாய்?’ என்று எழுதி வாங்கிவைத்து, இரண்டரை வருஷத்துக்கு மேல் கழித்து அவர்களில் 44 பேரை மறுபடியும் கேட்டார். நாலில் ஒருவருக்கு எல்லாமே தப்பு! தங்கள் கையெழுத்தையே காட்டியும் நினைவை மாற்றிக்கொள்ளாதவர்கள் உண்டு. வெடித்த கணம் மனசில் அவ்வளவு பெரிதாகப் பதிகிறது. முந்திய ராத்திரி பதிவதே இல்லை. என் வழக்கு அந்த முந்திய ராத்திரியைப் பற்றியது.

செக்காலையில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஒரு செட்டியார் வீடு. தெரு முழுவதையும் கொள்ளக்கூடிய வீட்டில் ஓர் ஆச்சியும் சமையற்காரரும் மட்டும் இருந்தார்கள். பிள்ளைகள் சிங்கப்பூரிலிருந்து வாங்கிக் கொடுத்துவிட்டுப் போன டெலிவிஷன் பெட்டி முகப்பில் இருக்கும். மாலையில் தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் குளிர்ந்த ஆத்தங்குடித் தரையில் உட்கார்ந்துவிடுவோம். படத்தைவிடப் புள்ளிகள்தான் அதிகம். அன்றைய செய்தியில் ஒரு வெள்ளைக் கோடு மேலே ஏறிற்று. பூசணிப்பழம் போல் ஒன்று விரிந்தது. அதிலிருந்து இரண்டு கொம்புகள் முளைத்து ஆளுக்கொரு பக்கமாகப் போயின. சின்னப் பிள்ளைகள் வாணவேடிக்கை என்று கைதட்டின. அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த முகங்களைக் காட்டினார்கள். அதற்குப் பிறகு யாரும் கைதட்டவில்லை.

“பாவம், வாத்தியாரம்மாவும் போயிட்டாளாமே. விதி முடிஞ்சிருச்சு” என்றார் ஆச்சி.

ஆன்டெனாவைத் திருப்பி வைக்க வந்திருந்த ஒரு பிட்டர் அங்கே நின்றுகொண்டிருந்தார். பஸ் கம்பெனி ஒன்றில் வேலை. இன்ன வண்டியை எடுக்கக் கூடாது என்று நோட்டில் எழுதிவைத்து, அதற்காகவே ஏச்சு வாங்கியவர் என்று தெருவுக்கே தெரியும்.

“விதி என்ன ஆச்சி, விதி? எடுக்காதேன்னு எவனாச்சும் சொல்லியிருப்பான். எடுறான்னு மேல உள்ளவன் சொல்லியிருப்பான்.”

“போப்பா, உனக்கு எதப் பாத்தாலும் பஸ்ஸுதான்.”

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் ‘ரோஜர்ஸ் கமிஷன்’ என்ற விசாரணைக் குழு அதே வருஷம் ஜூன் மாதத்தில் வெளியிட்ட பெரிய அறிக்கையின் சாரம் இதுதான்.

ஜனவரி 27 இரவு. ராக்கெட்டின் பூஸ்டர்களைச் செய்து கொடுத்த மார்ட்டன் தியோக்கால் கம்பெனிக்கும் நாஸாவுக்கும் டெலிபோனில் நீண்ட வாக்குவாதம். பூஸ்டர் என்பது துண்டு துண்டாகச் செய்து பொருத்துகிற பெரிய குழாய். பொருத்து வாயில் நெருப்புக் கசியாமலிருக்க ரப்பர் வளையங்கள் வைத்திருப்பார்கள். நம் வீட்டுக் குழாயில் போடுகிற வாசர் செய்கிற வேலைதான். குளிரில் ரப்பர் விறைத்துப்போகும். விறைத்தால் சட்டென்று விரிந்து இடுக்கை அடைக்காது. ரோஜர் பாய்ஸ்ஜாலி என்ற என்ஜினீயர் ஆறு மாதம் முன்பே, இதைக் கவனிக்காவிட்டால் உயிர்ச்சேதம் நேரும் என்று எழுதிக் கொடுத்திருந்தார். அன்றிரவும் அவரும் சகாக்களும், சுமார் 12 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே கிளப்ப வேண்டாம் என்றார்கள். கிளம்பும் இடத்திலோ தண்ணீர் உறைந்து பனிக்கட்டி தொங்கிக்கொண்டிருந்தது. நாஸாக்காரர்களுக்கு அதிருப்தி, ஏற்கனவே சில முறை தள்ளிவைத்தாகிவிட்டது. கம்பெனி நிர்வாகிகள் தனியே கலந்து பேசினார்கள். ‘என்ஜினீயர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகியின் தொப்பியைப் போட்டுக்கொள்’ என்று அவர்களில் ஒருவர் இன்னொருவரிடம் சொன்னாராம். தொப்பி மாறியது, முடிவும் மாறியது. ஆலன் மக்டொனால்ட் என்ற அதிகாரி மட்டும் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். வேறொருவர் போட்டார். மறுநாள் எழுபத்து மூன்றாவது விநாடியில் எல்லாம் முடிந்தது.

விசாரணையின்போது ஃபெயின்மன் என்ற பௌதிக மேதை, அந்த ரப்பரில் ஒரு துண்டை ஐஸ் தண்ணீரில் போட்டு எடுத்து, அது விறைத்துக் கிடப்பதை எல்லோருக்கும் காட்டினார். அப்பேர்ப்பட்ட மர்மம் ஒரு தம்ளர் தண்ணீரில் தெளிந்துவிட்டது! அந்தக் கிறிஸ்டா மக்காலிஃப் என்ற ஆசிரியையை, பதினோராயிரத்துக்கு மேல் விண்ணப்பித்தவர்களிலிருந்து பொறுக்கி எடுத்திருந்தார்கள். ரப்பர் வளையத்தைப் பற்றி அவளிடம் யார் சொன்னார்கள்?

இது ஏதோ அமெரிக்காக்காரன் வீட்டுச் சங்கதி என்று நினைத்துவிட வேண்டாம். நம் இன்சாட்-1பி செயற்கைக்கோளை 1983 ஆகஸ்டில் மேலே கொண்டுபோய் விட்டது இதே சாலஞ்சர்தான். டில்லி டெலிவிஷன் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்ததே அந்த இன்சாட்டின் புண்ணியம். அடுத்ததான இன்சாட்-1சி-யுடன் நம் ஆள் ஒருவரும் அதே வருஷம் போவதாக இருந்தது. அதற்காக ராதாகிருஷ்ணன் நாயர், பட் என்ற இரண்டு விஞ்ஞானிகளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஜனவரிக்குப் பிறகு அந்தப் பயணம் ரத்தாயிற்று. சுற்று கொஞ்சம் மாறி வந்திருந்தால், நம் சுவர்களில் இன்னொரு படம் மாலையோடு தொங்கியிருக்கும். நாம் இன்னொரு தியாகத்துக்குக் கைதட்டியிருப்போம்.

“குறை சொல்லிக்கொண்டேயிருந்தால் துணிச்சல் எங்கிருந்து வரும்?” என்று கேட்கிறார்கள் நண்பர்கள். அபாயமில்லாமல் ஆகாயத்துக்குப் போக முடியாதுதான், எனக்கும் தெரியும். ஆனால் அபாயத்தை ஏற்பது வேறு, அபாயத்தை மறைப்பது வேறு. கொலம்பியாவை விசாரித்த குழு, நுரைத்துண்டுக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு அந்த ஸ்தாபனத்தின் பழக்கவழக்கங்களுக்கும் உண்டு என்று எழுதிற்று. பதினேழு வருஷத்துக்கு முன் சொன்ன பாடத்தைத்தான் திரும்பவும் சொல்ல வேண்டியிருந்தது. இடைப்பட்ட காலமெல்லாம் நினைவுச் சின்னமும் மலர்வளையமும் குறைவில்லாமல் நடந்துகொண்டுதான் இருந்தன.

நம் கதை மட்டும் என்ன? 2004 பிப்ரவரி 23-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் எரிபொருள் தீப்பற்றி ஆறு பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவருடைய பெயராவது பள்ளிக்கூடத்துப் பெரியவருக்குத் தெரியுமா? அவர்கள் ஆகாயத்துக்குப் போகவில்லை, பாருங்கள். கொட்டகையில் வேலை செய்தவர்கள். ஆகவே தியாகப் பட்டம்கூட இல்லை. சிவகாசிப் பக்கத்துப் பட்டாசு ஆலைகளில் சாகிறவர்களுக்கு அதுவும் கிடையாது. ‘கோர விபத்து’ என்று இரண்டு நாள் தலைப்பு, நிவாரணத் தொகை, தீர்ந்தது.

இப்போது நம் விமானப்படையினர் நால்வர் ககன்யானுக்காகத் தயாராகிவருகிறார்கள். அவர்களில் ஒருவரான சுபான்ஷு சுக்லா 2025 ஜூனில் அமெரிக்க ராக்கெட்டில் போய்வந்தார். அந்தப் பயணம் தள்ளித் தள்ளிப் போனபோது எத்தனை கேலி! ஒருமுறை, திரவ ஆக்ஸிஜன் கசிகிறது. அதைச் சரிசெய்தால்தான் ஆளை ஏற்றுவோம் என்று நம்மவர்கள் பிடிவாதம் பிடித்தார்கள். கேலி செய்தவர்கள், ஒரு வேளை அவர் திரும்பாமல் போயிருந்தால், முதல் ஆளாக மெழுகுவத்தி ஏற்ற வந்திருப்பார்கள்.

நம் தமிழ்நாட்டு அரசு, துணிவுக்கும் சாகசத்துக்கும் என்று கல்பனா சாவ்லா பெயரில் சுதந்திர தின விருது ஒன்று கொடுக்கிறது. தண்ணீரில் மூழ்கியவர்களைச் சேலையை வீசிக் கரையேற்றிய பெண்களுக்கு அது கிடைத்திருக்கிறது, ரொம்ப நியாயம். அந்தப் பட்டியலில் இன்னொரு ஜாதி மனிதர்களையும் சேர்க்கச் சொல்கிறேன். மருந்துக் கலவை சூடேறுகிறது என்று பட்டாசு ஆலையை நிறுத்தச் சொன்ன போர்மேன், பாலத்தில் விரிசல் என்று கையெழுத்துப் போட மறுத்த ஓவர்சியர் — வேலை போனாலும் போகட்டும் என்று ‘வேண்டாம்’ சொன்னவர்கள். கல்பனாவுக்காக அப்படிச் சொன்னவர்கள் இருந்தார்கள், கேட்பாரில்லை. அவள் பெயரில் கொடுக்கிற விருதுக்கு இவர்களைவிடப் பொருத்தமானவர்கள் யார்?

2019 ஜூலை 15-ஆம் தேதி அதிகாலை சந்திரயான்-2 கிளம்பவிருந்தது. ஜனாதிபதியே நேரில் பார்க்க ஸ்ரீஹரிகோட்டாவுக்கு வந்து காத்திருந்தார். தேசம் முழுவதும் டெலிவிஷன் முன்னால் கண் விழித்திருந்தது. ஐம்பத்தாறு நிமிஷம் இருக்கும்போது கடிகாரத்தை நிறுத்திவிட்டார்கள். ஜனாதிபதி திரும்பிப் போனார். ஒரு வாரம் கழித்து, 22-ஆம் தேதி பிற்பகலில், ராக்கெட் கிளம்பிற்று. அந்தக் கடிகாரத்தை நிறுத்தச் சொன்ன வாயிலிருந்து ஆரம்பியுங்கள் விருதை.