கற்பனை ஊரும் அசல் ஊரும்

நியூஜிலாந்தில் மாடமாட்டா என்ற சிற்றூருக்கு அருகே ஓர் ஆட்டுப் பண்ணை. அதற்குள் ஒரு விசித்திரக் கிராமம். பெயர் ஹாபிட்டன். டோல்கீன் என்ற ஆங்கில எழுத்தாளரின் கதைகளில் குள்ள மனிதர்கள் வாழும் ஊர் அது! சினிமாவுக்காகப் போட்ட இந்த ஸெட்டை 2002 முதல் ஜனங்களுக்குச் சுற்றிக் காட்டுகிறார்கள்.

வழிகாட்டி முன்னே போகிறார். குன்றைக் குடைந்தாற்போல் வளை வீடுகள், வட்டக் கதவுகள். கதாநாயகன் வீட்டுக்கு மேலே ஒரு மரம், இலைகூடச் செயற்கை! பெரும்பாலான கதவுகளுக்குப் பின்னே வீடே கிடையாது. கடைசியில் பச்சை டிராகன் விடுதியில் ஒரு கோப்பை பானம்.

இதைப் பரிகசிப்பது தவறு. கதையை நேசித்தவன் அதன் வாசற்படியைத் தொட ஆசைப்படுவது இயல்புதானே? ஆனால் அசல் எங்கே என்றும் கேட்க வேண்டாமா?

டோல்கீன் நியூஜிலாந்தைப் பார்த்ததே இல்லை. சிறுவயதில், 1896 முதல் நான்கு ஆண்டுகள் அவர் வாழ்ந்த ஸேர்ஹோல் என்ற ஆங்கிலக் கிராமமே இதற்கு வித்து. அதைப் பர்மிங்ஹாம் நகரம் விழுங்கிவிட்டது. மிஞ்சியது தண்ணீரால் ஓடிய ஒரு மாவு ஆலை. அதற்கும் ஆபத்து வந்தது. ஊரார் விடவில்லை; நிதி திரட்டினார்கள். டோல்கீனும் பணம் கொடுத்தார். 1969-ல் ஆலை புதுப்பிக்கப்பட்டுத் திறந்தது.

ஸெட்டைப் பிரித்தால் மறுபடி கட்டலாம். ஹாபிட்டனையே அப்படித்தான் கட்டினார்கள். அசல் கிராமம் போனால் போனதுதான். ஹாபிட்டனைப் பார்ப்பவர்கள் தாராளமாகப் பார்க்கட்டும். அந்த ஆலையைக் காத்த ஊராருக்கும் மனத்துக்குள் ஒரு கும்பிடு போடட்டும்!