முதலில் விளக்கைப் பாருங்கள்

எங்கள் வ. புதுப்பட்டியில் "தண்ணி வந்துச்சா?" என்பதற்கு அடுத்தபடியாக, "உங்க வீட்டுல நெட் வருதா மதினி?" என்றுதான் இப்போது விசாரிக்கிறார்கள். வெளிநாட்டிலிருக்கும் அப்பா ராத்திரியில் குழந்தையின் முகம் பார்ப்பதும், பெரியவர்கள் இ-சஞ்சீவனி மூலம் வீட்டிலிருந்தே டாக்டரிடம் பேசுவதும் அந்த வைஃபை பெட்டியை நம்பித்தானே? அது திடீரென்று நின்றுவிட்டால் பதறாமல், முதலில் அதன் விளக்குகளைப் பாருங்கள்.

ஒரு விளக்கும் எரியவில்லையா? மின்சாரம்தான் காரணம். பிளக்கை வேறு பாயிண்டில் மாட்டிப் பாருங்கள். அப்படியும் எரியாவிட்டால் அடாப்டர் போயிருக்கலாம். கையில் கிடைத்த வேறு அடாப்டரைச் சொருகிவிடாதீர்கள். பெட்டியில் எழுதியிருக்கும் வோல்ட் அளவே அடாப்டரிலும் இருக்க வேண்டும். ஆம்பியர் குறையக் கூடாது.

கண்ணாடி இழைக் கேபிள் வந்திருக்கும் வீடுகளில் 'எல்.ஓ.எஸ்.' என்று ஒரு விளக்கு இருக்கும். அது சிவப்பாக எரிந்தாலோ, மினுக்கினாலோ, வெளியிலிருந்து ஒளி வந்து சேரவில்லை என்று அர்த்தம். பீரோவுக்குப் பின்னால் கேபிள் நசுங்கியோ மடங்கியோ இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இல்லையென்றால் புகார் கொடுப்பதுதான் வழி. "சிவப்பு விளக்கு எரியுது" என்று சொன்னாலே அவர்களுக்குப் புரிந்துவிடும்.

தாய்மார்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் கேபிளுக்குள் ஓடும் ஒளி கண்ணுக்குத் தெரியாது. ஆனாலும் கழற்றிய முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்கக் கூடாது. கேபிளை ஒட்டிவிட்டுப் போன இடத்தில் தலைமுடி போன்ற கண்ணாடித் துணுக்குகள் கிடக்கலாம். தவழும் குழந்தையின் கையில் குத்தினால் எடுப்பது சிரமம். ஒட்டும் டேப்பால் ஒற்றி எடுத்துவிடுங்கள்.

விளக்குகளெல்லாம் சரியாக எரிந்தும் நெட் வரவில்லையா? மாதப் பணம் கட்டியாயிற்றா என்று பாருங்கள். பிறகு சுவிட்சை அணைத்து, அரை நிமிஷம் விட்டுப் போடுங்கள். இரண்டு மூன்று நிமிஷம் பொறுங்கள். அப்புறமும் ஒரு போனில் வந்து இன்னொன்றில் வராவிட்டால், கோளாறு போனில்தான்.

பெட்டிக்குப் பக்கத்தில் வந்து, அடுப்படியில் வரவில்லையானால் இடத்தை மாற்றுங்கள். இரும்புப் பீரோவும் கனத்த சுவரும் அலையைத் தடுக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும்; 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டினால் சோர்ந்துவிடும். மைக்ரோவேவ் அடுப்பும் 2.4-ஐ ஒட்டித்தான் ஓடுகிறது. அதனருகே பெட்டியை வைக்காதீர்கள்.

பின்புறம் ஊசித் துளைக்குள் இருக்கும் 'ரீசெட்' பொத்தானை மட்டும் அழுத்த வேண்டாம். உள்ளே பதிந்து வைத்த பெயர், பாஸ்வேர்டு எல்லாம் அழிந்துபோகும். பிறகு ஆள் வந்துதான் சரிசெய்ய வேண்டியிருக்கும். ஐப்பசி மாத இடி மின்னலில், மின்னலுக்கு முன்பே பிளக்கைப் பிடுங்கி வையுங்கள்.

"தொட்டில் பக்கத்துல வைஃபை இருக்கலாமா அக்கா?" என்று இளம் தாய்மார்கள் கேட்பதுண்டு. இத்தகைய பலவீனமான அலைகளால் உடல்நலம் கெடுகிறது என்பதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2006-ல் கூறியது. ஆனாலும் ஒயரும் அடாப்டரும் குழந்தையின் கைக்கும் வாய்க்கும் எட்டாத உயரத்தில் இருக்கட்டும். பயப்பட வேண்டியது அதற்குத்தான்.