ஒரு சுவிட்சுக்காக ஒரு காரா?

குளச்சல், மண்டைக்காடு, மணவாளக்குறிச்சி என்று கன்னியாகுமரி மாவட்டத்தில் கடலை ஒட்டிய ஊர்களில் பழைய அம்பாசிடரோ பிரீமியர் பத்மினியோ வைத்திருப்பவருக்கு என்ஜின் பெரிய கவலை அல்ல. அதைப் பிரித்து, சிலிண்டரைப் போர் செய்து, ரிங் மாற்றிக் கோக்கத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இரும்பு வேலைக்கு லேத் பட்டறை இருக்கிறது. வண்டியை ஷெட்டில் முடக்கிப் போடுவது பல நேரம் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு பொருள்: ஸ்டீரிங் தண்டில் மாட்டியிருக்கும் சுவிட்ச். இண்டிகேட்டர் போட்டால் நிற்காது, பிரைட் போட்டால் டிம் எரியும், ஹார்ன் தானே அலறும். அந்தச் சுவிட்ச் கடையில் கிடையாது என்றதும் ‘இனி இதற்குச் செலவழித்து என்ன பயன்’ என்ற பேச்சு தொடங்குகிறது. அது ஆக்கர் கடையில் போய் முடிகிறது. இது தேவையில்லாத சாவு. அந்தச் சுவிட்ச் கழற்றிச் சரிசெய்யக்கூடிய பொருள். அதைச் சரிசெய்யும் தொழிலுக்கு நம் வாகனக் கொள்கையில் ஒரு வரிகூட இடம் இல்லாததுதான் குறை.

சுவிட்சின் உள்ளே மர்மம் எதுவும் இல்லை. பித்தளைத் தகடுகள், அவற்றின்மேல் நகரும் ஒரு காண்டாக்ட், கைப்பிடியை அதனதன் நிலையில் நிறுத்திவைக்க ஒரு ஸ்பிரிங்கும் எஃகுக் குண்டும், வளைவு முடிந்து ஸ்டீரிங் நேரானதும் இண்டிகேட்டரைத் தட்டி அணைக்க ஒரு கொக்கி. கொக்கி உடைவதும் ஸ்பிரிங் தளர்வதும் வயதின் வேலை. காண்டாக்ட் கெடுவதற்குக் காரணம் வேறு. பழைய கார்கள் பலவற்றில் ஹெட்லைட்டுக்குப் போகும் மின்சாரம் முழுவதும் ரிலே எதுவும் இல்லாமல் இந்தச் சுவிட்சின் வழியாகவே போகிறது. 60 வாட் பல்பு இரண்டு என்றால் 12 வோல்ட்டில் 10 ஆம்பியர். வெளிச்சம் போதவில்லை என்று 100/90 வாட் பல்பு மாட்டுவது நம் ஊரில் வெகுநாள் வழக்கம். பிரைட்டில் அது 16 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சுவிட்சைச் செய்தவர் கணக்கில் வராத சுமை அது. டிம்மும் பிரைட்டும் மாறும் ஒவ்வொரு முறையும் சிறு பொறி பறந்து பித்தளையில் குழி விழுகிறது. கடற்கரையில் இதோடு உப்புக்காற்று சேர்ந்துகொள்கிறது. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டம் இது; உப்பும் ஈரமும் கூடிப் பித்தளையில் பச்சைக் களிம்பு ஏற்றுகின்றன. களிம்பு மின்சாரத்துக்குத் தடை. அந்தத் தடை வெறும் 0.05 ஓம் என்றாலும், 10 ஆம்பியர் பாயும்போது அந்த ஒரு புள்ளியில் 5 வாட் வெப்பம் பிறக்கிறது. சுற்றியுள்ள பிளாஸ்டிக் இளகுகிறது, ஸ்பிரிங்கின் விறைப்பு போகிறது, தடை மேலும் கூடுகிறது.

காரணம் இவ்வளவு தெளிவாக இருப்பதால் மருந்தும் தெளிவு. பேட்டரியின் எர்த் வயரைக் கழற்றிவிட்டு, ஸ்டீரிங் சக்கரம் இருந்த நிலையைக் குறியிட்டு எடுத்து, சுவிட்சை மேசைக்குக் கொண்டுவர வேண்டும். எந்த நிற வயர் எங்கே இருந்தது என்று படம் வரைந்துகொண்ட பிறகே பிரிக்க வேண்டும். மூடியிருக்கும் ரிவெட்டைத் துளைத்தெடுத்தால், திரும்பக் கோக்கும்போது சின்னத் திருகாணி போட்டுக்கொள்ளலாம். அடுத்த முறை கழற்றுபவர் வாழ்த்துவார். மெல்லிய உப்புத்தாளால் களிம்பை நீக்கி, ஆழக் குழிந்த இடத்தில் புதுத் தகடு வெட்டி வைத்து, இறுகிப்போன பழைய கிரீஸைத் துடைத்துப் புதியது இட்டு, ஸ்பிரிங்கையும் குண்டையும் மாற்றினால் கைப்பிடி பழையபடி ‘டக்’கென்று நிற்கும். உடைந்த கொக்கிக்கு மெல்லிய கம்பியை உள்ளே வைத்து எபாக்சியால் உருவம் கொடுக்கலாம். இத்தோடு நிறுத்துவது அரைவேலை. ஹெட்லைட்டின் டிம்முக்கும் பிரைட்டுக்கும் ஆளுக்கொரு ரிலேயும் பியூஸும் வைத்து, பேட்டரியிலிருந்து தடித்த வயர் இழுத்துவிட்டால், அதன்பின் சுவிட்சின் வழியே போவது ரிலேயை இயக்கும் மின்சாரம் மட்டுமே. அது அரை ஆம்பியரைக்கூட எட்டாது. பொறியும் இல்லை, சூடும் இல்லை. ரிலேயைப் பற்றிப் பேசாமல் சுவிட்சை மட்டும் துடைத்துக் கொடுப்பவர், அதே வாடிக்கையாளரை மறுபடியும் வரவழைக்கிறார்.

இதற்கு வரும் மறுப்புகளில் வலுவானது பாதுகாப்பு பற்றியது. இரவில் நாகர்கோவில் சாலையில் போகும்போது கையால் ஒட்டுப்போட்ட சுவிட்ச் கைவிட்டால், விளக்கு இரண்டும் ஒன்றாக அணைந்துபோகும். உயிர் விஷயத்தில் சிக்கனம் கூடாது என்கிறார்கள். நியாயமான அச்சம். உடல் உருகி வளைந்த சுவிட்சை ஒட்டவைத்து ஓட்டக்கூடாது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த அச்சம் அதிகம் பொருந்துவது, கெட்டும் திறந்து பார்க்கப்படாமல் ஓடும் சுவிட்சுக்குத்தான். அதன் தடையால் பல்புக்கு வரும் வோல்ட் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்துவிடும். பல்புக் கம்பியின் இயல்பு அப்படி. ஓட்டுபவர் இதைக் கண் மங்குவதாகவோ பல்பின் கோளாறாகவோ எடுத்துக்கொண்டு, இன்னும் பெரிய பல்பு வாங்கி மாட்டுகிறார். பேட்டரியிலும் பல்பு முனையிலும் மீட்டர் வைத்து இரண்டு அளவையும் ஒப்பிட்டால் ஐந்து நிமிடத்தில் உண்மை வெளிப்படும். பழுது நீக்கிய சுவிட்ச் பாதுகாப்பானதா என்பதற்கும் அதே மீட்டர்தான் சாட்சி. ‘புதியது’ என்ற பெயரில் வரும் போலிச் சுவிட்சுகளை யாரும் அப்படி அளந்து பார்ப்பதில்லை. மெல்லிய தகடும் மட்டமான பிளாஸ்டிக்குமாக அவை வருகின்றன. நன்றாகத் துடைத்த பழைய பித்தளையே அவற்றைவிட நம்பத்தக்கது.

கூலி கட்டுமா என்பது அடுத்த கேள்வி. அரைநாள் உட்கார்ந்து செய்யும் வேலைக்குக் கூலி கொடுத்தால், புதிய சுவிட்சின் விலையைத் தாண்டிவிடலாம். கடையில் நல்ல சுவிட்ச் கிடைக்கும் வண்டிக்கு இது சரியான கணக்கு. அதை வாங்கி மாட்டுவதே உத்தமம். கிடைக்காத வண்டிக்கு அந்தக் கூலியை ஒப்பிட வேண்டியது காரின் விலையோடு. ஆளுக்கு எங்கே போவது என்பவர்கள் குளச்சல் மீன்பிடித் துறைமுகத்தை நினைத்துப் பார்க்கலாம். உப்புத் தண்ணீரில் நனைந்தே வாழும் அவுட்போர்டு என்ஜின்களை மறுநாள் கடலுக்கு அனுப்பும் மெக்கானிக்குகளின் தொழில் அது. அங்கே ஒரு நாள் தாமதம் என்றால் ஒரு நாள் பாடு போயிற்று. களிம்பைப் பற்றி அவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நாகர்கோவில் கோணத்தில் அரசு ஐடிஐ இருக்கிறது. திறமையும் பள்ளியும் ஒரே மாவட்டத்தில் இருந்தும், பழைய வண்டியின் மின்வேலையைக் கற்றுத்தர ஒரு குறுகிய பயிற்சிக்குக்கூட யாரும் யோசிக்காதது விந்தை.

சட்டத்தின் பக்கம் வந்தால், உதிரிபாகம் பற்றி நாடு யோசிக்கவே இல்லை என்று சொல்ல முடியாது. உதிரிபாகங்களை வெளிச்சந்தையில் விற்காமல் தங்கள் முகவர்களிடமே முடக்கிவைத்ததற்காக, 2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. பின்னர் மேல்முறையீடுகளில் வழக்கு நீண்டது. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பழுது நீக்கும் உரிமைக்கான வரையறையை வகுக்க ஒரு குழு அமைத்தது. அது எடுத்துக்கொண்ட துறைகளில் வாகனமும் ஒன்று. அதே அரசின் இன்னொரு கை வேறு வேலை செய்கிறது. 15 ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது; 20 ஆண்டு கடந்தவற்றுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆனது. 2021-இல் வந்த விண்டேஜ் விதி 50 ஆண்டு தாண்டிய வண்டிகளுக்கு மட்டும் தனி மரியாதை தருகிறது. 20-க்கும் 50-க்கும் நடுவில் நிற்கும் பத்மினிக்கும் முதல் தலைமுறை மாருதி 800-க்கும் மரியாதையும் இல்லை, சலுகையும் இல்லை. மும்பையின் பத்மினி டாக்சிகள் 2023 அக்டோபரில் ஓய்ந்ததும் 20 ஆண்டு வயது வரம்பால்தான். எந்த வண்டி நன்றாக இருந்தது, எது இல்லை என்று அந்த வரம்பு கேட்கவில்லை.

பழைய வண்டி புகை கக்கும் என்பார்கள். கக்கினால் புகைச் சோதனையில் தள்ளுபடி ஆகட்டும். சுவிட்ச் கிடைக்காமல் தள்ளுபடி ஆவதால் காற்று சுத்தமாகும் என்று கொள்ள இடமில்லை, நல்ல என்ஜினும் அதோடு சேர்ந்தே போகிறது. ஏர்பேக் உள்ள புதிய கார்களின் ஸ்டீரிங்கை இப்படிப் பிரிக்கக்கூடாது என்பதும் உண்மை; அது தனிப் பயிற்சியும் கருவியும் வேண்டிய வேலை. ஆகவே நான் கேட்பது எல்லாக் கார்களுக்குமான பொது அனுமதி அல்ல. உற்பத்தி நின்றுபோன வண்டிகளின் சிறு மின்பாகங்களுக்கு, அதாவது சுவிட்ச், ரிலே, வயர் இணைப்பு போன்றவற்றுக்கு, அளவுகளும் வரைபடங்களும் பொதுவில் வர வேண்டும். அம்பாசிடரின் உற்பத்தி 2014 மே மாதம் நின்றது. 2017-இல் அந்தப் பெயர் மட்டும் 80 கோடி ரூபாய்க்கு பிரான்சின் பியூஜோ நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. இப்படி ஒரு மாடலை நிறுத்தும் நிறுவனம், அதன் சிறு பாகங்களின் வரைபடங்களைக் குறிப்பிட்ட காலத்துக்குள் அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்ற ஒரு விதியை 2022-ஆம் ஆண்டுக் குழு எடுத்த வேலையோடு சேர்த்துவிடலாம். அந்த வரைபடம் கையில் இருந்தால் உடைந்த கொக்கியை அளவு பிசகாமல் செய்துகொடுக்க மார்த்தாண்டத்தில் ஒரு சிறு பட்டறை போதும்.