நம்பர் நம்மளோடது... போன் யாரோடது?

தென்காசிப் பக்கம் ரெண்டு பேர் பார்த்துக்கிட்டா முதல் கேள்வி, "குத்தாலத்துல தண்ணி விழுதா?" ரெண்டாவது கேள்வி, "உங்க வீட்டுல எந்த சிம்மு எடுக்கு?" முதல் கேள்விக்காவது ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் ஓரளவு நம்பிக்கையா பதில் சொல்லலாம். ரெண்டாவதுக்கு தெருவுக்குத் தெரு பதில் மாறும். மேற்கே மலை மறிச்சுக்கிட்டு நிக்குது. பஜார்ல நாலு கட்டம் காட்டுற சிம், அடிவாரத்து வீட்டுல அடுக்களைக்குள்ள போனா செத்துப் போகும். செங்கோட்டை தாண்டி புளியரைப் பக்கம் போனா கேரளா டவர் வந்து ஒட்டிக்கும். அந்தக் காலத்துல ரோமிங்னு சொல்லி, நமக்கு வர்ற போனுக்கே நம்மகிட்ட காசு பிடிப்பாங்க. இப்போ அந்தத் தொல்லை இல்லை, நல்லவேளை.

அதனால கம்பெனி மாத்துறதுங்கிறது எங்க ஊர்க்காரங்களுக்கு ஆடம்பரம் இல்லைங்க, தேவை. அதுக்கு வழியும் இருக்கு. நம்பரை மாத்தாம கம்பெனியை மாத்திக்கிற வசதி 2010 நவம்பர் 25ல ஹரியானாவுல ஆரம்பிச்சு, 2011 ஜனவரி 20ல நாடு முழுக்க வந்துச்சு. 1900க்கு ஒரு மெசேஜ் அனுப்பினா கோடு வரும். அதையும் ஆதாரையும் கொண்டு போய்க் கொடுத்தா வேலை முடிஞ்சது. 2019 டிசம்பர்ல விதியை இன்னும் சுலபமாக்கினாங்க: ஒரே மாநிலத்துக்குள்ளன்னா 3 வேலை நாள்ல மாறிடணும். இன்னைக்கு பேங்க், கேஸ் சிலிண்டர், ரேஷன், மகளிர் உரிமைத்தொகை எல்லாமே அந்தப் பத்து நம்பர்லதான் தொங்குது. அந்த நம்பர் நம்மளோடதுன்னு சட்டம் சொன்னது பெரிய விஷயம்தான், மறுக்கலை.

ஆனா எனக்கு ஒரு கேள்வி. நம்பரை மாத்தாம கம்பெனி மாத்தலாம், சரி. போனை மாத்தாம மாத்த முடியுமா?

எங்க சித்தி ஒருத்தங்க மேலகரம் பக்கம் இருக்காங்க. பீடி சுத்துறவங்க. பல வருஷமா ஒரு பட்டன் போன், டார்ச் லைட் வச்சது. கரண்ட் போனா விளக்கும் அதுதான், காலைல அலாரமும் அதுதான். வீட்டுக்குள்ள சிக்னல் சரியில்லைன்னு சென்னையில இருக்கிற மகன் லீவுக்கு வந்தப்போ சிம்மை மாத்தி, அந்த சிம்முக்குத் தோதா ஒரு டச் போனும் வாங்கிக் கொடுத்துட்டுப் போனான். நல்ல மனசோட செஞ்சதுதான். சிக்னலும் இப்போ ஜோரா எடுக்கு. ஆனா போன் வந்தா சித்தியால எடுக்க முடியலை. கை முழுக்க பீடித்தூள், விரல் நுனி எல்லாம் காய்ச்சுப் போயிருக்கு. எத்தனை தடவை தேய்ச்சாலும் திரை கேக்க மாட்டேங்குது. "ஏல, இதை மேல தள்ளணுமா, பக்கத்துல தள்ளணுமா? நான் தள்ளுததுக்குள்ள அவன் வச்சிருதான்"ங்கிறாங்க. போனை ஒரு துண்டுல சுத்தி பீரோவுக்குள்ள வச்சிருக்காங்க. வேற யார்கிட்டயாவது பேசணும்னா பக்கத்து வீட்டுப் பிள்ளை வரணும். பேங்க்ல இருந்து ஓடிபி வந்தாலும் அந்தப் பிள்ளைதான் வாசிச்சுச் சொல்லணும். இதுல எனக்குப் பயமே அதுதான். தன் ஓடிபியைத் தானே பார்த்துக்கிட்டிருந்த ஒரு மனுஷி, இப்போ அடுத்தவங்க கண்ணை நம்பி இருக்காங்க.

இதுல டெக்னாலஜி விஷயம் ரொம்ப சிம்பிள். பழைய பட்டன் போன்ல பெரும்பாலானது 2ஜி. 2016 செப்டம்பர் 5ல வந்த ஜியோவுல 2ஜியே கிடையாது, பேச்சும் 4ஜி வழியாத்தான் போகும். அதுக்குப் பேர் வோல்டி. ஏர்டெல், வோடபோன் ஐடியா, பிஎஸ்என்எல் இந்த மூணுலயும் 2ஜி இன்னும் இருக்கு. ஆக, பழைய போன் வச்சிருக்கிறவருக்கு நாலு கடை திறந்திருக்கிற மாதிரி தெரியும், நுழைய முடியுறது மூணுலதான். அந்த மூணுல வீட்டுக்குள்ள எடுக்கிறது எதுன்னு பார்த்தா, மலையடிவாரத்துல சில சமயம் ஒண்ணுமே மிஞ்சாது.

இது புதுசும் இல்லை. 2003ல ரிலையன்ஸ் 501 ரூபாய்க்கு போன் கொடுத்தப்போ ஊரே அள்ளிக்கிட்டு வந்துச்சே, ஞாபகம் இருக்கா? அது சிடிஎம்ஏ. கம்பெனி பிடிக்கலைன்னா அந்த போனைத் தூக்கிக்கிட்டு ஏர்செல்லுக்கோ பிஎஸ்என்எல்லுக்கோ போக முடியாது. போனும் கம்பெனியும் ஒட்டிப் பிறந்த ரெட்டைப் பிள்ளைங்க. அப்புறம் ஜிஎஸ்எம் ஜெயிச்சு, எந்த சிம்மை வேணா எந்த போன்ல வேணா போடலாம்னு ஒரு பொற்காலம் வந்துச்சு. நோக்கியா 1100 ஒண்ணு வச்சிருந்தா சிம்மை மட்டும் கழட்டி மாட்டிக்கிட்டே இருக்கலாம் :-)

அந்தப் பொற்காலத்தோட அருமை 2018 பிப்ரவரியில தெரிஞ்சது. 1999ல நம்ம தமிழ்நாட்டுல ஆரம்பிச்ச ஏர்செல், திடீர்னு டவர் டவரா படுத்துச்சு. மாச கடைசியில திவால்னு மனு போட்டாங்க. போர்ட் பண்ண கோடு வேணும், கோடு வர சிக்னல் வேணும், சிக்னல்தான் இல்லையே! ஊர் ஊருக்கு ஏர்செல் கடை முன்னால கூட்டம். ஏப்ரல் 15 வரைக்கும் மாறிக்கலாம்னு டிராய் சொல்லுச்சு. அப்போ பட்டன் போன்காரங்க நிறைய பேர் போனை மாத்தாமலே வேற கம்பெனிக்குப் போய்த் தப்பிச்சாங்க. போன் எல்லாத்துக்கும் பொதுவா இருந்ததால வந்த தப்பிப்பு அது. 2024 ஜூலையில மூணு தனியார் கம்பெனியும் அடுத்தடுத்து விலையை ஏத்தினப்போ நிறைய பேர் பிஎஸ்என்எல் பக்கம் போனதும் அதே தைரியத்துலதான்.

2ஜியை என்னைக்காவது மூடித்தானே ஆகணும்னு கேப்பீங்க. மூடட்டும். சிங்கப்பூர்ல 2017 ஏப்ரல்ல மூணு கம்பெனியும் சேர்ந்து மூடுனாங்க. கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் முன்னாடியே தேதி சொல்லி மூடுனாங்க. அலைக்கற்றை மிச்சமாகும், 4ஜி நல்லா ஓடும், எல்லாம் சரி. என் சண்டை 4ஜியோட இல்லை. போனுக்குப் பூட்டுப் போடுறதோட.

2017ல வந்த ஜியோபோனும் சரி, 2023ல 999 ரூபாய்க்கு வந்த ஜியோபாரத்தும் சரி, பட்டன் வச்ச 4ஜி போன். பெரியவங்களுக்கு ரொம்பத் தோதான சாமான், விலையும் கையைக் கடிக்காது. பாராட்டணும். ஆனா அதுல ஜியோ சிம் மட்டும்தான் வேலை செய்யும். நாளைக்கு அந்த வீட்டுல சிக்னல் போச்சுன்னா? நம்பரைத் தூக்கிக்கிட்டு வெளிய வரலாம், போனைக் குப்பையில போடணும். 2003க்கே திரும்பிப் போயாச்சு! விலை குறைச்சுக் கொடுத்தா கொஞ்ச நாள் கட்டிப் போட உரிமை உண்டுன்னு கம்பெனி தரப்புல ஒரு நியாயம் இருக்கலாம். ஒரு வருஷம்னு வைங்க. அதுக்கப்புறம் பூட்டைத் திறந்து விடணும்னு டிராய் ஒரு விதி போட்டா என்ன? 2024 டிசம்பர்ல, டேட்டா வேண்டாம் பேச்சும் மெசேஜும் போதும்ங்கிறவங்களுக்குத் தனி பேக் வைக்கணும்னு இதே டிராய்தானே உத்தரவு போட்டுச்சு? அந்த பேக்கு விலை நினைச்ச அளவு குறையலைங்கிறது வேற கதை. ஆனா பட்டன் போன்காரங்கன்னு ஒரு கூட்டம் இருக்குன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கே, அதுவரைக்கும் சந்தோஷம்.

விதி வர்ற வரைக்கும் ஊருக்கு வர்ற மகன்மாருக்கு ஒரு விண்ணப்பம். (சீசனுக்கு வந்து புது போனை பேரருவித் தண்ணியில நனைச்சுட்டுப் போறவங்களைத் தனியா கவனிச்சுக்கலாம்.) அம்மாவுக்கு சிம் மாத்துற முன்னாடி பக்கத்து வீட்டுக்காரர் சிம்மை ஒரு பொழுது கடன் வாங்கிப் போட்டு, அடுக்களையில, திண்ணையில, அவங்க படுக்கிற இடத்துல எடுக்கான்னு பாருங்க. போன் மாத்தியே ஆகணும்னா, எல்லா சிம்மும் ஏத்துக்கிற பட்டன் போன்லயே 4ஜி, வோல்டி வச்சது கடையில கிடைக்கு. நோக்கியாவுலயே இருக்கு. விலை கொஞ்சம் கூடத்தான், பூட்டு கிடையாது.

சித்திக்கு அப்படி ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன். டார்ச் லைட் இருக்கான்னு மட்டும் ரெண்டு தடவை கேட்டுட்டாங்க.